எலிக்கணக்கும் அம்மாவின் நகமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விலங்குகளைக் கொல்லாமல் கணினியாலேயே ரசாயனங்களின் நஞ்சைக் கணிக்கலாம் என்று சென்ற ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். எலிக்கும் முயலுக்கும் இரங்கி எழுதியிருந்தார்கள், நியாயம்தான். எனக்கு நினைவில் வந்ததோ என் அம்மாவின் கைகள்.

அம்மா பீடோர் பக்கம் ஒரு தோட்டத்தில் 16 வருடம் செம்பனைக்கு மருந்தடித்தார். விடியற்காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து பம்பை முதுகில் மாட்டினால் மதியம்தான் இறக்குவார். பம்பு ஒழுகிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். விரல் நகங்கள் வெளுத்து, பிளந்து, கழன்று விழும். புதிதாக முளைப்பதும் அதே மாதிரி போகும். சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டார். அவர் அடித்தது பாராகுவாட் என்ற களைக்கொல்லி.

இப்போது நான் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடையில் வேலை செய்கிறேன். போத்தல்களில், மிகக் கொடியதிலிருந்து லேசானது வரை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று பட்டை இருக்கும். "நீலம்தானேம்மா, கையுறை வேணுமா?" என்று கேட்டபடிதான் வாங்குகிறார்கள். அந்த நிறத்துக்கு அடிப்படை எல்டி 50 என்ற கணக்கு. அதாவது, எவ்வளவு கொடுத்தால் சோதனை விலங்குகளில் பாதி சாகும் என்பது. 1927இல் வந்த முறை அது. அதில் பெரும்பாலும் எலிதான் பலி. அந்தக் கணக்கை வைத்து உலகச் சுகாதார நிறுவனம் பாராகுவாட்டை 'மிதமான ஆபத்து' வகுப்பில்தான் சேர்த்தது. ஆனால் கலக்காத மருந்து ஒரு வாய் உள்ளே போனாலே ஆளைக் கொன்றுவிடும், மாற்று மருந்தும் கிடையாது. நுரையீரல் அதைத் தானாகவே இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். நம் மலேசியாவில் 2002இல் தடை என்றார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரியில்தான் முழுத் தடை வந்தது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டார்.

அத்தனை எலிகள் செத்தும் என் அம்மாவுக்கு ஒரு ஜோடி கையுறை கிடைக்கவில்லை. அதனால்தான் கணினி முறையை நான் இவ்வளவு ஆசையோடு பார்க்கிறேன். 2018இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹார்டுங் குழுவினர், ஏற்கெனவே சோதித்த ஆயிரக்கணக்கான ரசாயனங்களின் முடிவுகளைத் திரட்டி, ஒரு புது மூலக்கூறு அவற்றில் எதன் சாயலில் இருக்கிறது என்று பார்த்து அதன் நஞ்சைக் கணினி கணிக்கும்படி செய்தார்கள். ஒன்பது வகைச் சோதனைகளில் அது சராசரியாக 87 விழுக்காடு சரியாகச் சொன்னது. அதே சோதனையை விலங்குகளிடம் திரும்பச் செய்தாலோ 81 விழுக்காடுதான் முதல் முடிவோடு ஒத்துப்போனது. தோல் ஒவ்வாமைக்கு, கணினிக் கணிப்பையும் விலங்கில்லாத ஆய்வுக்கூடச் சோதனையையும் சேர்த்துப் பார்க்கும் விதிமுறையை, ரசாயனச் சோதனை விதிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி 2021இல் ஏற்றுக்கொண்டது. தோல் வழியே உள்ளே போகும் மருந்து ரத்தத்தில் எவ்வளவு, ஈரலில் எவ்வளவு, எத்தனை மணி நேரம் தங்கும் என்று மனித உடம்பையே வைத்துக் கணக்கிடும் மாதிரிகளும் இருக்கின்றன. எனக்கு இதுதான் முக்கியம். மருந்தடிக்கிறவர் அதைக் குடிப்பதில்லை, அதில் நனைகிறார்.

கணினி எல்லாம் அறிந்ததல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். பழைய விலங்குச் சோதனைகளிலிருந்துதான் அதுவும் கற்கிறது. பல மருந்துகளைக் கலந்து வருடக்கணக்கில் அடித்தால் என்ன ஆகும் என்பதில் அது இன்னும் தடுமாறுகிறது. அதற்காக எலிக்கணக்கே போதும் என்று இருந்துவிட முடியுமா?

பூச்சிக்கொல்லி வாரியத்துக்குத் தங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். பம்பு ஒழுகி முதுகு நனைந்த நிலையில் எட்டு மணி நேரம் வேலை செய்பவரின் உடம்புக்குள் எவ்வளவு போகும் என்ற கணக்கை, ஒவ்வொரு மருந்தையும் பதிவு செய்யும்போது கேட்டு வாங்குங்கள். அதைப் போத்தலிலேயே, நிறப்பட்டைக்குப் பக்கத்தில், நான் கடையில் நின்று படித்துக் காட்டும்படி அச்சிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பீடோர், பேரா