பாப்பாவுக்கு, ஊர் வந்து சேர்ந்த பிறகு

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

நான் நலம். தூத்துக்குடி வந்து இருபத்திரண்டு நாளாகிறது. வந்து சேர்ந்தேன் என்று சொன்னதற்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாய், அதோடு சரி. வேலை இருக்கும். போனில் பிடித்தால் "நல்லா இருக்கேம்மா" என்பாய், நானும் "நானும்தான்" என்பேன், வைத்துவிடுவோம். அதனால்தான் தாளை எடுத்தேன். வண்டியை மெதுவாக ஓட்டு.

தெருவில் எல்லோரும் நியூசிலாந்து எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். ஆக்லாந்தைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை. நீ கூட்டிப்போன வடக்குக் கரையைத்தான் சொல்கிறேன். கரையோரம் முழுக்கப் பூத்திருந்ததே பொஹுடுகாவா, நம் தூங்குமூஞ்சிப் பூவைக் குங்குமத்தில் தோய்த்த மாதிரி, அதைச் சொல்கிறேன். வைபோவா காட்டில் பார்த்த தானே மஹூட்டா என்ற கவுரி மரம் 51 மீட்டர் உயரம் என்றால் பெரியம்மா நம்ப மாட்டேன் என்கிறாள். காட்டுக்குள் நுழையுமுன் செருப்பைத் தேய்த்து, மருந்துத் தண்ணீரில் நனைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள் அல்லவா, காலில் ஒட்டிய மண்ணோடு கவுரி மரங்களுக்கு வேர்நோய் போய்விடும் என்று. என் செருப்பையும் வாங்கி நீயே தேய்த்தாய். குனிந்த தலையில் உச்சி வகிட்டை ஒட்டி விரலகலத்துக்கு நரை. எனக்கே ஐம்பதுக்கு மேல்தான் வந்தது. எண்ணெய் வைக்கிறாயா இல்லையா?

செருப்பு என்றதும் நினைவு வருகிறது. உன் வீட்டு வாசல் ஸ்டாண்டில் மூன்று தட்டிலும் உன் செருப்புகள்தான் இருந்தன. மாப்பிள்ளைக்குக் கிறைஸ்ட்சர்ச்சில் வேலை, ஜனவரியில்தான் வருவார் என்றாய். சரி. ஜனவரியும் வந்துவிட்டது.

நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஒற்றை ஆளாக ஓட்டினாயே, அதை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. மட்டக்கடைச் சந்தியில் ஸ்கூட்டி திருப்பப் பயந்த பெண்ணா இவள் என்று அண்ணனிடம் சொன்னேன். ஆனால் வழி முழுக்க நீ ஒரு பாட்டுக்கூடப் போடவில்லை. வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு இப்படியே ஓட்டினால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

வைத்தாங்கியை மட்டும் மறக்க முடியவில்லை. 1840 பிப்ரவரி 6 அன்று அந்தப் புல்தரையில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்கள் நாற்பது பேருக்கு மேல் வெள்ளைக்காரனோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதை மாவோரி மொழிக்கு மாற்றியது ஹென்றி வில்லியம்ஸ் என்ற பாதிரியாரும் அவர் மகனும், ஒரே ராத்திரியில். ஆங்கிலத்தில் இறையாண்மையைக் கொடுத்ததாக இருக்கிறது. மாவோரியில் 'காவனதங்க', அதாவது ஆளுநர் நிர்வாகம், அவ்வளவுதான். நிலமும் தலைமையும் நம் கையில்தான் என்று நம்பிப் போட்ட கையெழுத்து. அந்தச் சண்டை இன்றைக்கும் ஓயவில்லை. முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்குப் பதவுரை, பொழிப்புரை சொல்லிக் கொடுத்தவள் நான். நீ சொல்கிற "நல்லா இருக்கேம்மா"வுக்கு எனக்குப் பதவுரை தெரியவில்லை.

அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மண்டபத்துக்குள் போனோம், நம் வீடு மாதிரி. அந்த மாவோரிக் கிழவி என் நெற்றியில் நெற்றி வைத்து, மூக்கோடு மூக்கு ஒட்டி நின்றாள். ஹோங்கி என்றாய், இரண்டு பேரும் ஒரே மூச்சைப் பகிர்ந்துகொள்வது என்றாய். உன் பக்கத்தில் அவ்வளவு நெருங்கி நான் எப்போது நின்றேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

வழியில் வங்காரை தாண்டும்போது நீ சொன்ன மணியைப் பற்றியும் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. 1836 வாக்கில் கொலென்சோ என்ற மிஷனரி பார்த்தபோது, மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். அதில் தமிழ் எழுத்து, முகைதீன் என்று பெயர் போட்ட கப்பல் மணி. காயல்பட்டினம் கடைத்தெருவில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்று ஒருத்தருக்கும் தெரியாதாம். வெலிங்டன் மியூசியத்தில் இருக்கிறது, அடுத்த தடவை பார்க்கலாம் என்றாய். அடுத்த தடவை என்று நீ சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் வடக்குக் கோடியில் அந்தக் கடல்முனை, தே ரெரெங்கா வைருவா. புனிதமான இடம், சாப்பிடக் கூடாது என்றதும் புளியோதரை டப்பாவைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டேன். கீழே பாறையில் ஒற்றைப் பொஹுடுகாவா. இறந்தவர்களின் உயிர் அதன் வேரைப் பிடித்து இறங்கிக் கடலுக்குள் போய், தூரத்தில் தெரியும் தீவில் ஒருமுறை ஏறி நின்று, விட்டுவந்த கரையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மூதாதையர் ஊரான ஹவாய்க்கிக்குப் போகுமாம். காற்று உன் துப்பட்டாவைப் பிய்த்தது. நீ அசையாமல் நின்றாய். "கடைசியா ஒரு தடவை திரும்பிப் பாக்குமாம்மா?" என்று கேட்டாய். அப்படித்தானே சொல்கிறார்கள் என்றேன். நீ கேட்டது அதுவா? விமானத்தில் வரும்போதுதான் உறைத்தது.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளும் நீ போன் செய்தாய். "அப்பா தூங்குறாங்க" என்றேன், பதினொரு நாளும். உனக்குப் பரீட்சை, அதனால் சொல்லவில்லை என்றுதான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். பரீட்சை இல்லை பாப்பா. உன்னை வரச் சொன்னால் அவர் பிழைக்க மாட்டார் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். நீ வந்து இறங்கியபோது காடாற்றும் முடிந்திருந்தது. ஐந்தாம் நாள் நல்ல நினைவோடு இருந்தார். வாசல் பக்கம் பார்த்து, "பாப்பா லீவு போட்டாளா?" என்று கேட்டார். நான் போட்டிருக்கிறாள் என்று சொன்னேன். உன்னிடம் இதை ஒருநாளும் சொன்னதில்லை.

இந்தக் கடிதத்தை வேறொன்று கேட்பதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். இதோ, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல் என்று வழக்கம்போல எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்தால் உனக்குத் தெரியும். நான் காலை 5 மணிக்கு எழுந்துவிடுவேன். அப்போது உனக்குப் பகல் பன்னிரண்டரை. வீட்டில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், அண்ணனுக்கும் தெரியாது.

தலைக்கு எண்ணெய் வை. வண்டியை மெதுவாக ஓட்டு.

அம்மா