செயற்கை நுண்ணறிவையும் ஊடகக் கலையையும் ஒரே வகுப்பில் நடத்த அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் ஒருவர்

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை

பொருள்: ஊடகக் கலை வழியே செயற்கை நுண்ணறிவு கற்பிக்க முன்னோடித் திட்டம் வேண்டுதல் – சார்பு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு என்றாலே பள்ளிகளில் அது கணினி ஆசிரியரின் வேலை என்றாகிவிட்டது. படம் எடுப்பது, ஒலி பதிவது, அசைவூட்டம் செய்வது போன்ற ஊடகக் கலைகள் எல்லாம் ஆண்டு விழா சமயத்தில்தான் நினைவுக்கு வருகின்றன. இரண்டையும் சேர்த்து நடத்த அனுமதிக்க வேண்டுகிறேன்.

சேர்த்து நடத்தினால் என்ன கிடைக்கும் என்பதை என் வகுப்பிலேயே பார்த்தேன். கூகுளின் 'டீச்சபிள் மெஷின்', படங்களைக் காட்டிப் பழக்கினால் எது எது என்று இனம் காணும் இலவசக் கருவி. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைகள் ஒருவகை இலையை வெள்ளைத் தாளிலும் இன்னொரு வகையை மேசை மீதும் வைத்துப் படம் எடுத்து அதைப் பழக்கினார்கள். கருவி சரியாகவே சொல்லிக்கொண்டு வந்தது. அப்புறம் ஒரு மாணவி இலையே இல்லாத வெறும் தாளைக் காட்டினாள். அதற்கும் முதல் இலையின் பெயரையே சொன்னது! அது பின்புலத்தைப் படித்து வைத்திருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒளி, கோணம், பின்புலம் என்று ஓவிய வகுப்பில் நாங்கள் பேசுவதெல்லாம் அன்றைக்குத்தான் அவர்களுக்கு உறைத்தது.

செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகு சொன்னேன். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் கருநிறப் பெண்கள் விஷயத்தில் 34.7 விழுக்காடு வரை தவறின; வெள்ளை நிற ஆண்களிடம் தவறு 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. "யாருடைய படங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள்?" என்று பிள்ளைகள் உடனே கேட்டார்கள். இந்தக் கேள்வி எல்லாப் பிள்ளைகளிடமும் வர வேண்டும், ஐயா.

கருவியை வரையச் சொல்லிவிட்டுப் பிள்ளைகள் சும்மா இருந்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானதே. அதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நம்பிப் பயனில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, ஓர் உரையை எழுதியது மனிதரா செயற்கை நுண்ணறிவா என்று கண்டுபிடிக்க வெளியிட்ட தன் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. எனவே முடிந்த படத்துக்கு மட்டும் மதிப்பெண் போடாமல், கதைப்பலகை (காட்சிகளை வரிசையாக வரைந்து வைக்கும் திட்டம்), கிறுக்கல் வரைவுகள், எதை ஏன் மாற்றினோம் என்ற குறிப்பு ஆகியவற்றுக்கும் மதிப்பெண் தர வழிவகை செய்யுங்கள்.

உரையும் படமும் உருவாக்கித் தரும் கருவிகளை வகுப்பில் பயன்படுத்தக் குறைந்தது 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று யுனெஸ்கோ 2023-இல் பரிந்துரைத்தது. அதை நாமும் கடைப்பிடிக்கலாம். பிள்ளைகளின் முகமும் குரலும் வெளி நிறுவனங்களின் சேமிப்புக்குப் போகாதபடி துறையே தெளிவான விதி வகுக்க வேண்டும்.

புதிய கருவிகள் வாங்கித் தரக் கேட்கவில்லை. கேமரா உள்ள ஒரு கணினியை வைத்தே தொடங்கலாம். ஓவிய ஆசிரியருக்கும் கணினி ஆசிரியருக்கும் சேர்த்தே பயிற்சி, வாரம் ஒரு பாடவேளை, முதலில் சில பள்ளிகளில் மட்டும் என ஆணையிட்டால் போதும். நேரில் விளக்க வாய்ப்பளித்தால் பிள்ளைகளின் படைப்புகளோடு வருகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓவிய ஆசிரியர்