உணவுத் திருவிழாவில் சிறு தட்டு வேண்டும்

ஆசிரியருக்கு,

நாகர்கோவிலில் உணவகங்கள் பங்கேற்கும் உணவுத் திருவிழா பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்து மகிழ்ந்தேன். ஆனால், இத்தகைய விழாக்களில் எல்லாக் கடைகளும் முழுத் தட்டாகவே விற்பதால் நோக்கமே அடிபட்டுப் போகிறது. முன்பு ஒரு விழாவில், முதல் கடையில் ஆளுக்கொரு பிரியாணி வாங்கியதுமே எங்களுக்கு வயிறு நிறைந்துவிட்டது. பக்கத்துக் கடையில் ஆவி பறந்த மரச்சீனிக் கிழங்கையும், தேங்காய் அரைத்து வைத்த சாளை மீன் குழம்பையும் பார்த்துவிட்டுத் திரும்பியதுதான் மிச்சம்.

ருசி பார்க்க இரண்டு வாய் போதும். பிடித்துவிட்டால் மறுவாரமே அந்த உணவகத்தைத் தேடிக் குடும்பத்தோடு போவோம். கடைக்காரருக்கும் அதுதானே லாபம்? ஆகவே, ஒவ்வொரு கடையும் ஓர் உணவையாவது சிறு தட்டில், குறைந்த விலையில் தர வேண்டும் என்று விழாக் குழு விதி வகுக்கலாம். அப்புறம், ஃபிரைடு ரைஸும் ஷவர்மாவும் எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால், நம் ஊர் உணவுகளான ரசவடை, வறுத்த தேங்காய் அரைத்து வைக்கும் தீயல் குழம்பு, பாசிப்பயறு இனிப்பான முந்திரிக்கொத்து, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழம் ஆகியவற்றுக்கு நுழைவாயில் அருகிலேயே இடம் ஒதுக்க வேண்டும்.

- வாசகர், தக்கலை