வேணிக்கு வேலை வந்திருக்கிறது

அன்புள்ள சுமதி,

பதில் போட இத்தனை நாளாச்சு, திட்டுவதை நேரில் வந்து திட்டு. இங்கே எல்லோரும் சுகம். அவருக்குத்தான் சர்க்கரை ஏறி இறங்குகிறது, மைசூர்பாகு டப்பாவை ஒளித்து வைப்பதே எனக்குப் பிழைப்பாகிவிட்டது.

நம்ம வேணிக்கு ஒருவழியாகக் கைவிடப்பட்ட பெண்களுக்கான பென்ஷன் வந்துவிட்டது, மாதம் 1200. கோர்ட்டில் பிரிந்த சர்டிபிகேட் இல்லையென்றால் புருஷன் விட்டுப்போய் 5 வருஷம் ஆகியிருக்க வேண்டும், அவளுக்கும் 30 வயது முடிந்திருக்க வேண்டும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாடகைக்கு அல்லாடிய நாளில் இந்தப் பணம் கிடையாது! மாவு அரைத்து விற்றும் நூறு நாள் வேலைக்குப் போயும்தான் ஓட்டினாள். 2023-இல் உரிமைத்தொகை 1000 வந்ததே, பென்ஷன் வாங்கினால் அது கிடையாது. ஆக, கூடினது வெறும் 200. நீ போனில் "காசு கொடுத்துக் கொடுத்தே சோம்பேறி ஆக்குறாங்க" என்றாயே, அன்றையிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. 1200-இல் ஒரு சிலிண்டர் வாங்கினால் மிச்சம் என்னடி இருக்கும், சோம்பேறியாக உட்கார்ந்து தின்ன?

இப்போது பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை வந்திருக்கிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, பையனுக்கு ஸ்கூலிலேயே காலைச் சாப்பாடு, அதனால் விடிகாலையில் அவனுக்காக அடுப்போடு மல்லுக்கட்டாமல் கிளம்பலாம். போக ஆசைதான். ஆனால் பி.எஃப். பிடித்தால் பேர் பதிவாகும், பதிவானால் பென்ஷன் நின்றுவிடுமோ என்று பயப்படுகிறாள். "ஆர்டர் இல்லைன்னா கம்பெனியில் நாளைக்கே போன்னு சொல்லிடுவாங்க, பென்ஷனை விட்டா மறுபடி முதல்லேருந்து மனு எழுதிட்டு நடக்கணும்" என்றாள். கணக்கில் முட்டை வாங்கினவளா இப்படிப் பேசுகிறாள் என்று வாயடைத்துப் போனேன். உழைக்க மனசு வர வேண்டும் என்று புத்தி சொல்கிறவர்கள் யாரும், வேலை நிலைக்கிறவரை ஒரு ஆறு மாசம் பென்ஷனையும் விட்டு வைப்போம் என்று சொல்வதில்லை.

பென்ஷன் நிற்குமா நிற்காதா என்று தாலுகா ஆபீசில் நான் கேட்டுக்கொள்கிறேன், நாலு பேர் முன்னால் சத்தம் போட எனக்குக் கூச்சமில்லை என்பதுதான் உனக்குத் தெரியுமே (புளியோதரை விவகாரத்தை இழுக்காதே). உன் நாத்தனார் வீட்டுக்காரர் கம்பெனி சூப்பர்வைசர்தானே, ஓவர்டைம் கட்டாயமா, ஆறு மணிக்கு விடுவார்களா என்று கேட்டு எழுது. ஸ்கூல் விட்டதும் பையன் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான், ஆனால் எட்டு மணி வரைக்கும் என்றால் அவன் தாங்கமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது, திங்கட்கிழமை அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

உன்
கலா