மூன்றாம் முறை 60-0

அன்புள்ள கதிருக்கு,

நலம்தானே? அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. காரணம் தேர்தல்தான். முடிவு வந்ததிலிருந்து டிவியை விட்டு நகரவில்லை. வந்தவர்களுக்கென்று வாங்கின இனிப்பில் பாதியைத் தானே தின்று தீர்த்தார்.

60-0. மொரிஷியஸ் தீவில் எதிர்த்தரப்புக்கு ஓர் இடம்கூட இல்லை. 1982, 1995, 2024. மூன்று தடவையும் ஜெயித்த பக்கம் எம்.எம்.எம். கட்சித் தலைவர் பெரான்ஜே இருந்தார் என்று அப்பா விரல் விட்டு எண்ணுகிறார். முதல் இரண்டு தடவையும் அந்தக் கூட்டணி எத்தனை நாள் நின்றது என்று கேட்டேன். பதிலே இல்லை.

எனக்கு அவர் கட்சியின் அந்த மோவ் (இளம் ஊதா) கொடி மேல் அப்படியொன்றும் பக்தி கிடையாது, உனக்கே தெரியும். ஆனால் அந்த மனுஷனை எத்தனை தடவை வெளியே தள்ளியிருக்கிறார்கள்! 1971 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஒரு வருஷம் சிறை. 1983-ல் சொந்தத் தொகுதியிலேயே தோல்வி, தோற்றவர்களுக்கு இனம் பார்த்துத் தரும் ‘பெஸ்ட் லூசர்’ இடத்தில்தான் சபைக்குள் போனார். இனக்கணக்கே கூடாது என்று கட்சி நடத்தியவருக்கு இனக்கணக்கில் கிடைத்த இடம்! 1987-ல் அதுவும் இல்லை. 1993-ல் மந்திரி வேலையிலிருந்து நீக்கினார்கள், 1997-ல் வேறொரு பிரதமர் வந்து திரும்பவும் நீக்கினார். 2003-ல் இவரே பிரதமர். அப்போது 58 வயது. உனக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை. 2013-ல் புற்றுநோய் வந்தபோதும் ஊருக்குச் சொல்லிவிட்டுத்தான் சிகிச்சைக்குப் போனார். 2024-ல், 79 வயதில், துணைப் பிரதமர் ஆனார்.

வேலை போனால் போகட்டும் என்று பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வார். ஒளிந்துகொண்டதில்லை. போனை எடுக்காமலும் இருந்ததில்லை.

போன வாரம் உன் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டேன். யாரோ ஒரு பெண் எடுத்தாள். உன் பேரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நானே வைத்துவிட்டேன். சரி, அது கிடக்கட்டும். சித்தியும் ஏதோ சொன்னாள், அவள் சொல்வதையெல்லாம் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

வேளைக்குச் சாப்பிடு. போனை எடு.

பெரான்ஜேயிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றும் உண்டு. கூட இருந்தவர்கள் நிலைக்கவில்லை. ஜக்நாத் போனார், நபாப்சிங் போனார், 2014-ல் நம் குழந்தைவேலுவும் போய்த் தனிக்கட்சி வைத்தார். எல்லோருமா கெட்டவர்கள்? இதைச் சொன்னால் அப்பா சேனலை மாற்றுகிறார். நீயும் அவரைப்போலத்தான், கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வாய். அந்த மெல்பர்னில் உனக்கென்று இருக்கிற நாலு சிநேகிதர்களையும் இப்படியே விட்டுவிடாதே. படிப்பில் உன்னை மிஞ்ச நம் தெருவில் ஆள் கிடையாது, இன்றைக்கும் கோவிலில் கேட்கிறார்கள். என்ன சொல்வது, பிஸி என்கிறேன்.

2025 பிப்ரவரி 11 காவடி. அப்பா இந்த வருஷமும் எடுக்கப்போகிறேன் என்கிறார், இந்தச் சர்க்கரையோடு மலையடிவாரக் கோவில் படியேற. நீ சொன்னால்தான் கேட்பார். அதற்காகவாவது வா. லீவு கிடைக்குமா என்று நான் கேட்கப்போவதில்லை. எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு, ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். சித்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

டிக்கெட் விலையை இப்போதே பார், ஜனவரியில் ஏறிவிடும். பணம் வேண்டுமென்றால் அப்பாவிடம் கேட்காதே. எனக்கு எழுது. என் சீட்டுப் பணம் அப்படியே இருக்கிறது.

போனை எடு கண்ணா.

அன்புடன்,
அம்மா