பிரெஞ்சு இலக்கியப் பாடத்தைப் பின்னிருந்து தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கிய துணிச்சலில் பி.ஏ. பிரெஞ்சு இலக்கியத்தில் சேரும் பிள்ளைகள் முதல் பருவத்திலேயே திணறுகிறார்கள். உழைப்பில் குறையில்லை. பள்ளியில் படித்தது பேச்சு பிரெஞ்சு. பேச்சில் வழக்கொழிந்து, கதையிலும் நாடகத்திலும் வாழும் 'பாஸே சேம்ப்ல்' என்ற இறந்தகாலம் அவர்களுக்குப் பழகவில்லை.

1677-இல் ராசீன் மேடையேற்றிய 'ஃபேத்ர்' நாடகத்தில் நாயகி பேசும் ஒரு வரியைப் பாருங்கள்: "ஜு லு வி, ஜு ரூஜி, ஜு பாலி ஸா ஸா வ்யூ". அவனைக் கண்டேன், சிவந்தேன், கண்டதும் வெளிறினேன் என்று பொருள். 'வி' என்பதை மாணவர் 'வாழ்கிறேன்' என்று எடுத்துக்கொள்கிறார். இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. 'ரூஜி', 'பாலி' இரண்டும் நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் ஒரே வடிவம். ஆகவே 'வி' பிடிபடாவிட்டால் வரி முழுக்க நழுவிவிடும்.

அடுத்தது அசை. இந்த யாப்பில் வரிக்கு 12 அசை, ஆறாவதில் நிறுத்தம். பேச்சில் விழுங்கும் 'ஜு', 'லு' இங்கே முழு அசை. சொல்லின் கடைசியில் வரும் 'e' எழுத்து, மெய்க்கு முன் எண்ணப்படும், உயிருக்கு முன் மறையும், வரி முடிவில் கணக்கில்லை. உயிர் வந்தால் உகரம் ஓடும் குற்றியலுகர விதி தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இது ஐந்து நிமிடப் பாடம். அப்படி ஒப்பிட்டுச் சொல்லித்தர வேண்டும், அவ்வளவுதான்.

தேர்வில் மதிப்பெண் போவது 'கொமான்தேர்' எனும் பகுதி விளக்கத்தில்தான். 'அவள் வெட்கப்பட்டாள்' என்று எழுதுவது பொழிப்புரை. அதற்கு மதிப்பெண் இல்லை. வரி மூன்று மூன்று அசையாக நான்கு முறை உடைகிறது, இணைப்புச் சொல்லே இல்லை, சிவப்பும் வெளிறலும் ஒரே மூச்சில் மோதுகின்றன என்று காட்ட வேண்டும். மேற்கோள், உத்தி, விளைவு: இதே வரிசை. பிரான்ஸில் இந்தப் பயிற்சி பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது. அங்கே பிரெஞ்சு எழுத்துத் தேர்வு 4 மணி நேரம்.

சொற்பொருளும் ஏமாற்றும். ராசீனின் 'ஆன்னுயி' இன்றைய சலிப்பு அல்ல, தாளமுடியாத வேதனை. சங்கப் பாட்டில் 'நாற்றம்' நறுமணம் என்பது போல. கையடக்க அகராதி இதைச் சொல்லாது. லித்ரே அகராதி சொல்லும், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

எங்கள் கோரிக்கை இது. நூற்றாண்டு வரிசையில் கற்பித்தால் மிகக் கடினமான பழைய மொழியே முதலில் வந்து விழுகிறது. 1942-இல் வெளியான காம்யூவின் 'லெத்ரான்ஜே' நாவல் பெரும்பாலும் பேச்சு இறந்தகாலத்தில் எழுதப்பட்டது; அதிலிருந்து தொடங்கட்டும். பிறகு மோப்பசான் சிறுகதைகள், அதன்பின் ராசீன். இடையில் நான்கு வாரம் பாஸே சேம்ப்லுக்கு ஒதுக்குங்கள். படர்க்கை ஒருமை, பன்மை வடிவங்களை முதலில் சொல்லிக்கொடுங்கள், கதைகளில் அதிகம் வருபவை அவையே. அடுத்த கல்வியாண்டின் பாடத்திட்டம் அச்சுக்குப் போகுமுன் பாடக்குழுக்கள் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பிரெஞ்சு இலக்கிய ஆசிரியர்கள் சிலர்,
புதுச்சேரி