டிஸ்க் வாங்குவதற்கு முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா இப்போது கோலில்லாமல் நடக்கிறார்கள் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். கோவையில் நல்ல மழை.

வீட்டு விஷயங்களை அப்புறம் எழுதுகிறேன். தம்பி கார் பற்றி நீ எழுதியதற்கு உடனே பதில் சொல்ல வேண்டும். தொப்பூர் கணவாய் இறங்கியதிலிருந்து பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது, பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு) வளைந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். மாற்றாதே. ஒரு வாரம் பொறு. போன வருஷம் நான் இதே வார்த்தையைக் கேட்டு நாலு டிஸ்க்கும் வாங்கினேன். 3,000 கிலோமீட்டரில் அதே உதறல் திரும்பி வந்தது.

என் ரெண்டு லிட்டர் டர்போ உனக்குத் தெரியும். செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் ஒரு நாள் முழுக்க ஓட்டினேன். 1,450 கிலோ வண்டியை 150 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு தடவை நிறுத்தினால் பிரேக்கில் இறங்கும் சூடு, நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சூடு. கடைசிச் சுற்று முடிந்து உள்ளே வந்ததும் பெடலை மிதித்தபடியே ஒருவரிடம் ரெண்டு நிமிஷம் பேசிக்கொண்டிருந்தேன். தப்பு அங்கேதான் நடந்தது. கொதிக்கிற டிஸ்க்கின் மேல், அதைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேட் அழுந்தி நின்றால், அதன் பொருள் அந்த இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். மறுவாரம் பெருந்துறை பக்கம் 100-ல் பிரேக் பிடித்தேன், ஸ்டியரிங் கையில் தடதடவென்று ஆடியது.

கழற்றிய பழைய டிஸ்க்குகளை வீட்டுக்கு எடுத்து வந்து வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். முன் டிஸ்க் ரெண்டிலும் பேட் அளவுக்கே ஒரு கருநீலத் திட்டு. கணபதியில் நம் பழைய லேத்துப் பட்டறையில் கொடுத்து முகம் எடுக்க, அதாவது மேலாகச் சீவிச் சமமாக்கச் சொன்னேன். திட்டு வரும்போதெல்லாம் டூல் கிரீச்சென்று எகிறியது. நீ ஃபவுண்டரியில் இருந்தபோது, சில் அடித்த, அதாவது சட்டென்று ஆறி இறுகிப்போன காஸ்டிங்கில் டிரில் இறங்காது என்று சொல்வாயே, அதே கதைதான். பேட் பொருள் ஒட்டின இடம் மற்ற இடத்தைவிட அதிகம் உரசும், அதிகம் சுடும். 700 டிகிரியைத் தாண்டிவிட்டால் வார்ப்பிரும்பு அங்கே சிமென்டைட் என்ற கடினப் பொருளாக மாறி இறுகிவிடும். அது மேல்தோலோடு நிற்காது, உள்ளேயும் இறங்கியிருக்கும். மேலாகச் சீவி மாட்டினால் சில வாரத்தில் அந்த இடம் மறுபடி தலை தூக்கும்.

ஆக, டிஸ்க் மாற்றியது ஒரு வகையில் சரிதான். ஆனால் மாட்டிய மெக்கானிக் கடையில், டிஸ்க் உட்காரும் ஹப்பைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ரெண்டாவது தடவை உதறல் வந்தபோது, நீ 1998-ல் எனக்குக் கொடுத்த டயல் கேஜை, அந்த முள் வைத்த அளவுகருவியை, அலமாரியிலிருந்து எடுத்தேன். வீலைக் கழற்றி, போல்ட்டுக்கு அடியில் வாஷர் கொடுத்து டிஸ்க்கை இறுக்கி, கேஜின் காந்த அடியை சஸ்பென்ஷனில் ஒட்ட வைத்து, டிஸ்க் ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே முனையை நிறுத்தினேன். கையால் மெதுவாகச் சுற்றினேன். முள் பூஜ்யத்திலிருந்து கிளம்பி 12 கோடு ஏறியது, அப்புறம் இறங்கி வந்தது. ஒரு சுற்றுக்கு ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். லேத்தின் நாலு ஜா சக்கில் ஜாப் சாய்ந்து உட்கார்ந்தால் முள் எப்படி ஆடும் என்று நீ காட்டியது கண் முன்னால் வந்தது. டிஸ்க் வளையவில்லை மாப்ளே, சாய்ந்து உட்கார்ந்திருந்தது. 0.12 மில்லிமீட்டர். 0.05-க்குள் இருக்க வேண்டும்.

டிஸ்க்கை எடுத்தால் ஹப் முகத்தில் ஒரு பக்கம் துருப் பொருக்கு, ஒரு காகிதத்தின் கனம்கூட இருக்காது. டிஸ்க் ஹப்பைவிட ரெண்டு மடங்கு அகலம் என்பதால் ஓரத்துக்கு வரும்போது அது ரெட்டிப்பாகிவிடுகிறது. பிரேக் பிடிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த மேடு பேட்டை லேசாக உரசிக்கொண்டே போகும், டிஸ்க் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அதனால்தான் முதல் நாளே தெரியாமல் 3,000 கிலோமீட்டர் கழித்துத் தெரிகிறது. மைக்ரோமீட்டரில் எட்டு இடம் அளந்தேன். கனத்தில் 18 மைக்ரான் வித்தியாசம், தலைமுடியில் கால்வாசி. அவ்வளவுதான். 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 14 தடவை சுற்றுகிறது, அத்தனை தடவையும் அது கையில் அடிக்கிறது.

கம்பி பிரஷ், எமரி தாள் வைத்து ஹப்பை இரும்பு மின்னும் வரை தேய்த்தேன். டிஸ்க்கில் நீலத் திட்டு எதுவும் இல்லாததால் லேத்தில் லேசாக ஒரு முகம் எடுக்க முடிந்தது. மாட்டும்போது ஒவ்வொரு துளையாக மாற்றி மாற்றி வைத்து அளந்ததில் மூன்றாவது துளையில் 0.03 வந்தது. வீல் போல்ட்டை ஏர் கன்னில் அடிக்க விடாமல், எதிரெதிராக டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். புதுப் பேட் போட்டு, அதிகாலை செங்கப்பள்ளி ரோட்டில் முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரம் பார்த்து, 100-லிருந்து 20 வரைக்கும் எட்டுத் தடவை பிரேக் பிடித்தேன், ஒரு தடவைகூட முழுசாக நிறுத்தவில்லை. அப்புறம் பத்து நிமிஷம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆற விட்டேன். ஏழு மாதமாகிறது, ஸ்டியரிங் அசையவில்லை.

தம்பியிடம் ரெண்டு விஷயம் கேள். பிரேக் பிடிக்காமல் 90-ல் போகும்போதும் ஆடுகிறதா? ஆடினால் அது வீல் பேலன்சிங், பிரேக்கே இல்லை. கணவாய் இறங்கியதும் டீக்கடையில் பெடலை மிதித்தபடியே நின்றானா? அப்படியானால் என் கதைதான். ஸ்டியரிங் ஆடினால் முன்பக்கம், சீட்டுக்கு அடியில் ஆடினால் பின்பக்கம். சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல், அது கிழிந்திருந்தால் சின்ன உதறலும் பெரிசாகத் தெரியும்.

ஞாயிறு நான் ஓசூர் வருகிறேன். டயல் கேஜ் என்னிடம் இருக்கிறது, மைக்ரோமீட்டரை நீ எடுத்து வை. ஜாக்கி ஸ்டாண்டு ரெண்டு வேண்டும், பட்டறையில் சொல்லி வை. அம்மா கையால் கம்பங்களி சாப்பிட்டு எத்தனை வருஷமாகிறது என்று அவர்களிடம் சொல்.

அன்புடன்,
சண்முகம்